“அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்”

புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். மகனோ மருமகனோ தனியாக உள்ளே போய் இதைச் சொல்லிவிட்டு வருவார். அப்பா வெளியே பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “சின்னக் கட்டிதான், மருந்துலயே கரைஞ்சிடும்” என்று அன்றிலிருந்து வீடே ஒரே பாட்டைப் பாடும்.

பாசத்தால்தான் மறைக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரருக்கு முடி கொட்டியிருப்பதை அப்பா பார்க்கிறார். நர்ஸ் ‘கீமோ’ என்று சொல்வதும் காதில் விழுகிறது. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துவிடும்; தெரிந்ததை யாரிடமும் பேச முடியாமல்தான் போகும். அவர் முன்னால் அம்மா அழக்கூடாது, அம்மா முன்னால் அவர் பயத்தைக் காட்டக்கூடாது. நிலப் பத்திரம், மகள் கல்யாணம், எதுவரை சிகிச்சை என்று அவர் தீர்மானிக்க வேண்டியவை எல்லாம் அப்படியே கிடக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கவும் வேண்டாம். “ரிப்போர்ட் பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேக்குறீங்களாப்பா, இல்ல நான் கேட்டுக்கவா?” என்று கேளுங்கள். “நீயே பாத்துக்கோ” என்றால், சரி, அதுவும் அவர் முடிவுதான். ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பொதுவாகக் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சலே அவசரம்தான். ராத்திரி 11 மணிக்குக் குளிர் நடுக்கம் வந்தால், ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு “காலையில பார்ப்போம்” என்று படுக்கப் போகாதீர்கள். மாத்திரை காய்ச்சலைக் குறைத்துக் காட்டும், உள்ளே கிருமி பரவிக்கொண்டே இருக்கும். உடனே கிளம்புங்கள். எமர்ஜென்சியில் “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். “கீமோ எடுத்துட்டிருக்கார், காய்ச்சல்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். இதைப் படிப்பவர் வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றே வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டில் ஆளுக்கொரு வைத்தியம் வரும். முள்சீத்தா இலைக் கஷாயம் மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. டாக்டரிடம் சொல்லாமல் இப்படி எதையாவது கொடுத்து, ஈரல் கோளாறு வந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்பதற்கும் நிரூபணம் இல்லை, இளைப்பது நோயாளிதான். வாய்ப்புண் வந்தவருக்கு ரசத்தின் காரமே எரியும். அப்போது நன்றாக வெந்த முட்டை, குழைந்த பருப்புசாதம், ஆறிய கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். தட்டாலோ தொடுவதாலோ புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து மெஷினில் ‘கரன்ட்’ வைத்தவர் உடம்பில் கதிர்வீச்சு தங்காது, பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். ஆனால் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடித்தவர்கள் மருத்துவமனை சொல்லும் நாட்கள்வரை தள்ளி இருக்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து என்றாலே “முடிஞ்சுதுடா” என்று வீட்டில் முகம் மாறிவிடுகிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. தூங்கவும் நாலு வாய் சாப்பிடவும் விடுகிறது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சை கடைசி வாரத்துக்கானது இல்லை, கீமோ நடக்கும்போதே தொடங்கலாம்.

பணத்துக்கு, நகையை அடகு வைத்த பிறகு காப்பீட்டைப் பற்றி விசாரிக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வருபவர்கள் பலர். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். துணைக்குப் போவதையும் ஒரே மருமகள் தலையில் கட்டாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள்.