ஒரே பெயர், வேறு ஆள்: குழப்பாமல் எழுதுவது எப்படி

முதலில் தொழிலைப் பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் குறித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொழில் ஏன் உதவாது என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சிலே போதும். பிரிட்டன் பிரதமர் 1874–1965. அமெரிக்க நாவலாசிரியர் 1871–1947. 'ஒருவர் அரசியல், மற்றவர் இலக்கியம்' என்று பிரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்கர் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் இருந்தவர். பிரதமரும் ஒரு நாவல் எழுதினார், 1953இல் இலக்கிய நோபலும் வாங்கினார். 1899இல் இருவரும் கடிதம் எழுதிப் பேசி முடித்தபடி, பிரிட்டன்காரர் தம் நூல்களில் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்' என்று போடத் தொடங்கினார். ஆகவே அட்டையில் நடுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்ட்டின் லூதர் கிங் விஷயத்தில் ஊர்கூடக் கைகொடுக்காது. தந்தை (1899–1984), மகன் (1929–1968) இருவருமே அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயப் போதகர்கள். தமிழில் 'ஜூனியர்' சுலபமாக உதிர்ந்துவிடும், உதிர விடாதீர்கள். 1968க்குப் பிந்தைய பிரசங்கம் என்றால் அது மகனுடையதாக இருக்க முடியாது.

சாமுவேல் பட்லர் மூவர்: கவிஞர் 1680இல் இறந்தார், பிஷப் 1774–1839, அவருடைய பேரனான நாவலாசிரியர் 1835–1902. இங்கே நூல் வெளியான ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், மறுபதிப்பாக இருக்கலாம். முதல் பதிப்பின் ஆண்டைத் தேடுங்கள்.

இன்னொன்று, தாம்சன் என்று தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தில் 'p' உள்ளவரும் (Thompson) இல்லாதவரும் (Thomson) ஒன்றாகிவிடுவார்கள். மூல எழுத்தைத் தனியே குறித்து வையுங்கள்.