ஈ.ஆர்.பி. கற்றுக்கொள்ளும் வழி: நெல்லைச் சீமையிலிருந்து தொடங்குபவருக்கு

எந்தக் கோர்ஸில் சேரலாம், கட்டணம் எவ்வளவு? ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருள் படித்து வேலைக்குப் போக விரும்பும் பட்டதாரிகள், பாளையங்கோட்டையானாலும் தென்காசியானாலும், முதலில் கேட்பது இதைத்தான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு நிறுவனத்துக்குள் சரக்கும் பணமும் எப்படி நகர்கின்றன என்பது பிடிபடாதவருக்கு பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருளான எஸ்.ஏ.பி.யின் திரைகள் வெறும் கட்டங்களாகவே தெரியும். பிடிபட்டவருக்கோ ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பழக்கத்தில் வந்துவிடும். ஆகவே தொழிலின் ஓட்டம் முதலில், இலவச மென்பொருளில் பயிற்சி அடுத்து, கட்டணப் படிப்பு அதற்கும் பிறகு என்ற வரிசையில் போவதே நல்லது.

கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து நடத்துவதுதான் ஈ.ஆர்.பி. என்பது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமாகப் புரிய வேண்டியது வேறு. கடைகளில் டேலியைப் பயன்படுத்தும் வழக்கமான முறையில் பில் கணக்கரின் மேசைக்கு வந்த பிறகே வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு, விழுகிறது. ஈ.ஆர்.பி.யிலோ கோடவுனில் நிற்கும் ஸ்டோர் கீப்பர் சரக்கு வந்ததைப் பதிந்த அந்த நொடியிலேயே லெட்ஜரில் (பேரேட்டில்) பற்றும் வரவும் விழுந்துவிடுகின்றன. கணக்கே படிக்காத ஒருவரின் பதிவு கணக்கை மாற்றுகிறது என்பதால்தான், எந்த மாடியூலை (மென்பொருளின் பகுதியை) தேர்ந்தெடுத்தாலும் பற்று வரவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். பொறியியல் படித்தவர்கள் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், தவிர்க்க முடியாது.

எனவே முதல் இரண்டு வாரங்கள் கணினியைத் திறக்க வேண்டாம். மாமாவோ சித்தப்பாவோ நடத்தும் அரிசி ஆலை, தெரிந்தவர் வேலை பார்க்கும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலை, சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிக்கூடம் என்று எங்கு அனுமதி கிடைக்கிறதோ அங்கே போய், சரக்கு இறங்கும் இடத்தில் நில்லுங்கள். "அண்ணாச்சி, சரக்கு வந்தா மொதல்ல எதுல எழுதுவீய?" என்று கேட்டால், எடை மேடைச் சீட்டு, டெலிவரி சலான், உள்வரவு நோட்டு, பில் என்று காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்தக் காகிதம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யார் கையெழுத்திட்டால் பணம் வெளியேறும் என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஈ.ஆர்.பி.யில் இருப்பதும் அதே காகிதங்கள்தான், திரைகளாக.

அடுத்தது பயிற்சிக்கான மென்பொருள். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஓடூ ஆகிய இரண்டும் திறந்த மூலப் பதிப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் படைப்பு. இரண்டாவது பெல்ஜியத்தில் 2005-இல் டைனி ஈ.ஆர்.பி. என்ற பெயரில் பிறந்து, 2014-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஓடூவின் இலவசப் பதிப்பில் முழுமையான கணக்குப் பகுதி இல்லை என்பதால், கற்பவருக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டையே நான் சொல்வேன். அதனுடன் இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற செயலியைச் சேர்த்துக்கொண்டால் ஜி.எஸ்.டி. பகுதியும் கையில் வந்துவிடும். 8 ஜி.பி. ராம் கொண்ட மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தையோ, மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரையோ நிறுவி ஓட்டலாம். நிறுவுவதில் இரண்டு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதுவும் படிப்புத்தான்.

அதில் ஒரு கற்பனை நிறுவனத்தை உருவாக்குங்கள். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பள நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். உளுந்து மாவு, அப்பளக்காரம், உப்பு, பிளாஸ்டிக் உறை, அட்டைப்பெட்டி ஆகியவை வாங்கும் பொருட்கள். அப்பளக் கட்டு விற்கும் பொருள். ஒரு கட்டுக்கு எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்ற பட்டியலே பி.ஓ.எம். மாவை வெளியே கொடுத்து அப்பளமாகத் திரும்பப் பெறும் முறையையும் சேர்த்தால் ஜாப் ஒர்க் பாடம் வந்துவிடுகிறது: மாவு வெளியாரின் வீட்டில் இருந்தாலும் இருப்பு உங்களுடையதே என்பதை மென்பொருள் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள்.

இப்போது ஒரே ஒரு கொள்முதலைக் கடைசிவரை நடத்துங்கள். 500 அட்டைப்பெட்டிகள், ஒன்று 40 ரூபாய், வரி நீங்கலாக மொத்தம் 20,000 ரூபாய் என்று பர்ச்சேஸ் ஆர்டர் போடுங்கள். லெட்ஜரைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது, ஏனெனில் ஆர்டர் என்பது வாக்கு மட்டுமே. லாரி வருகிறது, 20 பெட்டிகள் நனைந்திருப்பதால் 480-ஐ மட்டும் ஏற்றுப் பதிகிறீர்கள். சரக்கின் ஒவ்வொரு நகர்வும் உடனே கணக்கில் விழும் நிரந்தர இருப்புக் கணக்கு முறையை இயக்கியிருந்தால், இருப்புக் கணக்கில் 19,200 ரூபாய் பற்று, சரக்கு வந்து பில் வராததற்கான இடைக்கணக்கில் 19,200 ரூபாய் வரவு என்று விழுந்திருக்கும். சப்ளையருக்குத் தர வேண்டிய கடன் இன்னும் பிறக்கவில்லை. பில் வந்து பதியும்போதுதான் இடைக்கணக்கு நேராகி, உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் ஜி.எஸ்.டி.) பற்றாகி, சப்ளையர் கணக்கு வரவாகிறது.

சப்ளையரின் பில்லோ 500 பெட்டிக்கு வந்திருக்கிறது. ஆர்டர், சரக்கு வரவு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிடும் மூவழி ஒப்பீடு என்பது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் வந்த சரக்கின் பதிவிலிருந்து பில் உருவாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால், அனுமதித்த வரம்பைத் தாண்டியதும் பதிவையே மறுக்கும்; எஸ்.ஏ.பி.யில் பொதுவாகப் பில் பதிவாகும், ஆனால் வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் பணம் போகாதபடி தடை விழும். 800 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வாங்குவதா, மாற்றுப் பெட்டிகளை அதே ஆர்டரின்கீழ் வாங்கிக்கொள்வதா என்ற முடிவு மனிதருடையது. கைக்கு வராத சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்க ஜி.எஸ்.டி. சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பெட்டிகளைப் புளியரைக்கு அப்பால் கேரளத்துப் புனலூரிலிருந்து வாங்குவதாக மாற்றிப் பாருங்கள், மத்திய, மாநில வரிகளான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்ற இரண்டும் மறைந்து, மாநிலங்களுக்கிடையேயான ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரு வரி வரும்.

இதைப் பத்துவிதமாகக் கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்தவருக்கு எஸ்.ஏ.பி. அந்நியமாக இருக்காது. அதன் திரைக் குறியீடுகளில் எம்.இ.21.என். என்பது ஆர்டர், மிகோ என்பது சரக்கு வரவு, மிரோ என்பது பில் சரிபார்ப்பு. இந்தப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார். மிகோவில் பதிந்தால் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பதை ஓ.பி.ஒய்.சி. என்ற அமைப்புத் திரையில் எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று சொல்பவர்தான் பங்ஷனல் கன்சல்டன்ட், அதாவது தொழிலின் தேவைக்கேற்ப மென்பொருளை அமைத்துத் தருபவர், ஆகத் தகுந்தவர். வணிகவியல் படித்தவர் நிதிப் பகுதியையும், இயந்திரவியல் படித்தவர் கொள்முதல் அல்லது உற்பத்திப் பகுதியையும் எடுப்பது இயல்பு. நிரல் எழுத விருப்பமுள்ளவருக்கு எஸ்.ஏ.பி.யின் நிரல் மொழியான ஏபாப் உண்டு, ஓடூவுக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டுக்கும் பைத்தான் வேண்டும். இரண்டு மாடியூல் படிப்பதைவிட ஒன்றை ஆழமாகப் படிப்பதே மேல்.

பணம் கட்டிச் சேரும் முன் பயிற்சி நிறுவனத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எஸ்.ஏ.பி.யில் 2015-இல் வந்த எஸ்-4 ஹானா என்னும் புதிய தலைமுறைக்கு நிறுவனங்கள் மாறி வருகின்றன, அதற்கு முந்தைய தலைமுறையான ஈ.சி.சி.யின் பிற்காலப் பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பும் 2027 இறுதியோடு முடிகிறது. பழையதில் சப்ளையரை எக்ஸ்.கே.01 என்ற திரைக் குறியீட்டைக் கொண்டு உருவாக்குவார்கள். புதியதில் சப்ளையரும் வாடிக்கையாளரும் பிசினஸ் பார்ட்னர் என்ற ஒரே இடத்தில் உருவாகிறார்கள். "சப்ளையரை எப்படி உருவாக்கச் சொல்லித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். எக்ஸ்.கே.01 என்று மட்டும் பதில் வந்தால், கிடைக்கப்போவது பழைய பாடம். எஸ்.ஏ.பி. நிறுவனமே தன் தளத்தில் இலவசப் பாடங்களை வைத்திருப்பதால், அவற்றை முடித்த பிறகும் தேவைப்பட்டால் மட்டும் கட்டணம் கட்டலாம். அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் படியைவிட்டு இறங்கிவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பொய் அனுபவம் பிடிபட்டால் வேலை போவதோடு பெயரும் போகும்.

வேலையைப் பொறுத்தவரை, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடிக் கன்சல்டன்ட் வேலைக்கு வரிசையில் நிற்பதைவிட, கங்கைகொண்டானிலோ தூத்துக்குடியிலோ ஈ.ஆர்.பி. ஓடும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர், கொள்முதல், கணக்கு ஆகியவற்றில் ஒன்றில் எண்ட் யூசராக (மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துபவராக) இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவதையே நான் பரிந்துரைப்பேன். தொடக்கச் சம்பளம் குறைவுதான். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவுகளைக் கண்டவரிடம் நேர்காணல் செய்பவர் பேசும் பேச்சே வேறு. சிறு நிறுவனங்களுக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டையோ ஓடூவையோ நிறுவித் தருவதை ஊரிலிருந்தே தொழிலாகச் செய்யவும் இடமுண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குவதைப் பார்த்தவர்களுக்கு, வணிக மென்பொருள் வேலை பெருநகரத்தில்தான் இருக்கும் என்று சொல்லத் தோன்றாது.

எங்கே சேர்ந்தாலும் புதியவருக்கு முதலில் கொடுக்கப்படக்கூடிய வேலை எக்ஸெல் கோப்பு ஒன்றாகத்தான் இருக்கும். "அட்டைப்பெட்டி 5 கிலோ", "5 கி. அட்டை பெட்டி", "கார்ட்டன் 5 கேஜி" என்று ஒரே பொருள் மூன்று பெயர்களில் பதிந்து கிடக்கும் மாஸ்டர் பட்டியலை ஒன்றாக்கி, அலகு, ஹெச்.எஸ்.என். குறியீடு (ஜி.எஸ்.டி.க்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), வரி விகிதம் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தர வேண்டும். எக்ஸெலில் உள்ள வீலுக்கப்பும் பிவட் டேபிளும் இதற்குப் போதும். பழக விரும்புபவர் தெரிந்த மளிகைக் கடையின் டேலி பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, தமது பயிற்சி நிறுவனத்துக்குள் ஏற்றிப் பார்க்கலாம். ஏறாமல் திரும்பி வரும் ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைக் குறித்து வைத்தால், நேர்காணலுக்கு எடுத்துப்போக இரண்டு பக்கம் தயார்.