மொட்டைமாடி வாட்டமும் கோட்டின் சாய்வும்

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்க வந்த கொத்தனார், முதல் வேலையாக ஒரு நீளமான டியூப்பில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையைச் சித்தாள் மாடிப்படி அறைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை மழைநீர்க் குழாய் இருக்கும் பக்கத்துக்கு இவர் கொண்டுபோனார். தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அது நின்ற மட்டத்தை இரண்டு சுவரிலும் பென்சிலால் குறித்தார். குறியிலிருந்து தளம்வரை அளந்தால் படிப்பக்கம் 6 அங்குலம், குழாய்ப் பக்கம் 8 அங்குலம். இடையில் 20 அடி. “பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், சரி” என்றார். மழைநீர் வழிந்தோடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள்.

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் வரும் சாய்வு இதுவேதான். அந்தப் பாடத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். கொத்தனாரின் அளவுக்குப் பிறகு வருவோம். முதலில் எளிய எண்களில் பழகுங்கள்.

படி 1: புள்ளிகளை எழுதுங்கள்

(2, 3), (6, 11) என்ற இரண்டு புள்ளிகள். அடைப்புக்குள் முதலில் இருப்பது எக்ஸ், அதாவது கிடையாக எவ்வளவு தூரம். அடுத்தது ஒய், அதாவது எவ்வளவு உயரம். எதை முதல் புள்ளி என்று வைத்துக்கொண்டாலும் விடை மாறாது. ஆனால் வைத்த வரிசையைக் கடைசிவரை மாற்றக் கூடாது.

படி 2: உயர வேறுபாடு

இரண்டாம் புள்ளியின் ஒய்யிலிருந்து முதல் புள்ளியின் ஒய்யைக் கழியுங்கள். 11 − 3 = 8.

படி 3: கிடை வேறுபாடு

இங்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைத்தான் கழிக்க வேண்டும். 6 − 2 = 4. பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மேலே 11 − 3 என்று எழுதிவிட்டுக் கீழே 2 − 6 என்று எழுதினால் விடை −2 என்று வரும். ஏறுகிற கோடு இறங்குகிற கோடாகிவிடும். எண் சரியாக இருந்து குறி மட்டும் தவறுவதால், விடைத்தாளைத் திரும்பப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

படி 4: வகுங்கள்

உயர வேறுபாட்டைக் கிடை வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 8 ÷ 4 = 2. சாய்வு 2. வலப்பக்கம் 1 அலகு போனால் கோடு 2 அலகு ஏறுகிறது என்று பொருள்.

இனி மாடிக்கு வருவோம். தண்ணீர் மட்டத்தைச் சுழியம் என்று வைத்தால், தளம் அதற்குக் கீழே இருப்பதால் உயரங்கள் குறை எண்கள். 20 அடியை 240 அங்குலமாக மாற்றிக்கொள்ளுங்கள். மேலே அங்குலம், கீழே அடி என்று கலந்தால் கணக்கு கெட்டுவிடும். புள்ளிகள் (0, −6), (240, −8).

உயர வேறுபாடு: −8 − (−6) = −8 + 6 = −2
கிடை வேறுபாடு: 240 − 0 = 240
சாய்வு: −2/240 = −1/120

குறை எண்ணைக் கழிக்கும்போது அடைப்புக்குறியைக் கட்டாயம் போடுங்கள். அதை விட்டுவிட்டு −8 − 6 = −14 என்று எழுதிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடையில் உள்ள குறைக் குறி, குழாயை நோக்கித் தளம் இறங்குகிறது என்கிறது. 1/120 எவ்வளவு சிறியது என்பதற்கு ஓர் ஒப்பீடு: சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை 12-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது. மாடியின் வாட்டம் அதில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

இரண்டு தனி வகைகள் உண்டு. டியூப்பின் இரு முனைகளிலும் நின்ற தண்ணீர் மட்டங்களை இணைத்தால் உயர வேறுபாடே இல்லை, சாய்வு 0. செங்குத்தாகத் தொங்கும் தூக்குக்குண்டின் நூலில் கிடை வேறுபாடு இல்லை. சுழியத்தால் வகுக்க முடியாது என்பதால் அந்தக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

மூன்று புள்ளிகள் கொடுத்து அவை ஒரே நேர்க்கோட்டில் அமையுமா என்று கேட்டால், இரண்டிரண்டாகச் சாய்வு கண்டு ஒப்பிடுங்கள். முந்தைய புள்ளிகளோடு (9, 17) சேர்ந்தால், (17 − 11) ÷ (9 − 6) = 6 ÷ 3 = 2. அதே சாய்வு, ஆகவே ஒரே கோடு.

எங்கள் கொத்தனாரும் இதைச் செய்தார். சரியாக நடுவில், 10 அடியில், இரண்டு சுவர்க் குறிகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிய மட்ட நூலிலிருந்து தளம் 7 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அவர் அளந்தபோது 8½ இருந்தது. படியிலிருந்து நடுவரை சாய்வு −2.5/120. நடுவிலிருந்து குழாய்வரை −8 − (−8.5) = +0.5, அதாவது சாய்வு +0.5/120. குறி மாறிவிட்டது: குழாயை நோக்கித் தளம் ஏறுகிறது. இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால் வாட்டம் சரி. மழை பெய்தால் நடுவில் அரை அங்குலத் தண்ணீர் தேங்கும். அந்த இடத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதலாகக் கலவை போட்டு, மறுபடியும் அளந்து பார்த்த பிறகே முதல் ஓட்டைப் பதித்தார்.