பற்றறி செத்த போர்ஷே 911: முன்மூடியை எப்படித் திறப்பது?

கிளிநொச்சி வெயிலில் மூன்று கிழமை ஓடாமல் நின்றால் பற்றறி இறங்கிவிடும், அலாரம் வேறு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பற்றறி முன்மூடிக்குள், மூடியோ பல மாடல்களில் மின்சாரத்தில்தான் திறக்கும். கம்பியால் நெம்பாதீர்கள், பாவம் அந்தக் கார்!

சாவியால் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தின் பக்கத்திலுள்ள பியூஸ் பெட்டியில் சிவப்பு முனையை வெளியே இழுங்கள். வேறொரு 12 வோல்ட் பற்றறியின் பிளஸ்ஸை அதில் கொடுத்து, மைனஸைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்பில் வையுங்கள். அலாரம் அலறலாம், பயப்படாமல் ரிமோட்டை அழுத்துங்கள், மூடி திறக்கும். அந்த முனையால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முடியாது.

அப்புறம் மெதுவாகச் சார்ஜ் போடுங்கள், ஏஜிஎம் பற்றறி (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) என்றால் அதற்குரிய சார்ஜரே வேண்டும். சார்ஜரைக் கழற்றிச் சில மணிநேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டாவது இருக்கவேண்டும்.