முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? கரையிறங்கும் நாளில் கப்பல் சாப்பாட்டு நேரத்தைப் பொருத்துவது எப்படி

ரொறன்ரோவிலிருந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் கப்பலில் வந்து கொழும்பில் ஒரேயொரு பகல் நின்றார்கள். கப்பல் புறப்படுவது இரவு 7 மணிக்கு, எல்லோரும் உள்ளே ஏறியிருக்க வேண்டியது 6.30-க்கு. பின்னவலை யானைகளைப் பார்த்துவிட்டு 6.10-க்குத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டேன், எனக்கு என்னவோ பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது. அரை மணித்தியாலம் கழித்து வாட்ஸ்அப்பில் சின்னம்மாவின் குரல்: "தம்பி, கப்பலைப் பிடிச்சிட்டம், சாப்பாட்டைத்தான் விட்டிட்டம்." கப்பலில் அவர்களுக்குக் குறித்திருந்த இரவுச் சாப்பாட்டு நேரம் 5.45. அதாவது திரும்பும் வழியில் கிரிபத்கொடையில் நாங்கள் ஒரு கொள்கலன் லொறிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோதே அங்கே சூப் பரிமாறி முடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நானும் மனைவியும் சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பல் ஒன்றில் போனோம். சின்னம்மாவின் அனுபவம் மனதில் இருந்ததால் சாப்பாட்டு நேரத்தை ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்தேன். முதன்முறை போகிறவர்களுக்காக அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: கப்பலில் இரவுச் சாப்பாடு எத்தனை விதம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்யாண வீட்டுப் பந்தி தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் இருத்த முடியாது என்பதால் இரண்டு பந்தி வைக்கிறார்கள். முதல் பந்தி மாலை 5.30-க்கும் 6-க்கும் இடையில் தொடங்கும், இரண்டாம் பந்தி 7.45-இலிருந்து 8.30-க்குள். உங்களுக்கென்று ஒரு மேசை, ஒவ்வொரு இரவும் அதே பரிமாறுபவர், இரண்டாம் நாளே உங்கள் பெயரும் உங்களுக்கு எந்தக் கோப்பி பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். பிந்திப் போனால் பல கப்பல்களில் கால் மணித்தியாலம், இருபது நிமிஷம் பொறுப்பார்கள், அதற்குமேல் போனால் மற்ற மேசைக்காரர்கள் இனிப்புக்கு வந்திருக்கும்போது நீங்கள் சூப்பில் இருப்பீர்கள், இல்லையென்றால் கதவே மூடியிருக்கும்.

இன்னொன்று நேரம் குறிக்காத சாப்பாடு. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்களில் பதிவு செய்யும்போதே பந்தியா, விரும்பிய நேரமா என்று தெரிவு செய்யலாம். நார்வேஜியன் கப்பல்களில் பந்தி முறையே கிடையாது, எப்போது போகிறோமோ அப்போது மேசை, நெரிசல் நேரமென்றால் கொஞ்சம் நிற்க வேண்டும். இவற்றுக்கு வெளியே மேல்தளத்து பஃபே இருக்கிறது, தனியாகக் காசு கட்டிச் சாப்பிடும் சிறப்பு உணவகங்கள் இருக்கின்றன, அறைக்கு வரவழைக்கும் சாப்பாடும் இருக்கிறது. ஆகவே நேரம் தவறினால் பட்டினி கிடக்கப் போவதில்லை. சின்னம்மா அன்று பஃபேயில்தான் சாப்பிட்டார். ஆனால் காசு கொடுத்த ஆறு வகைச் சாப்பாடு கீழ்த்தளத்தில் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலுக்கு பஃபேயில் மருந்தில்லை.

படி 2: பயண அட்டவணையில் துறைமுக நாட்களை மட்டும் பிரித்து எழுதுங்கள்

கடலிலேயே போகும் நாட்களில் எந்தப் பந்தியும் பிரச்சினை இல்லை, அவற்றை விட்டுவிடுங்கள். (கோட்டு, சேலை என்று உடுத்திப் போகும் விசேஷ இரவும் பெரும்பாலும் கடல் நாளில்தான் வரும்.) துறைமுக நாள் ஒவ்வொன்றுக்கும் மூன்று நேரம் எழுதுங்கள்: கப்பல் வரும் நேரம், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், புறப்படும் நேரம். நடுவில் உள்ளதுதான் உங்கள் உயிர். அட்டவணையில் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும்தான் இருக்கும், நடுவில் உள்ளது புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன்னதாக இருக்கும். சரியான நேரத்தை முதல்நாள் இரவு அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ போடுவார்கள், இறங்கும் வாசலிலும் எழுதி வைத்திருப்பார்கள்.

வரும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். 7 மணிக்குக் கப்பல் கட்டினாலும் துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நின்று, ஆள் வெளியே வர எட்டாகும். கொழும்பில் துறைமுகத்துக்குள்ளே நினைத்தபடி நடந்து திரியவும் முடியாது, அது கொள்கலன் லொறிகளின் இராச்சியம். வாசலுக்கு வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் போடுங்கள்.

படி 3: பின்னாலிருந்து எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான படி, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். காலையில் தொடங்கி "அங்கே இரண்டு மணித்தியாலம், இங்கே ஒரு மணித்தியாலம்" என்று முன்னோக்கிக் கூட்டினால் மாலை எப்போதும் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். ஏற வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 6.30-க்கு ஏற வேண்டுமென்றால் துறைமுக வாசலில் 5.30-க்கு நிற்க வேண்டும். ஏறிய பிறகு பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட், குளிப்பு, உடுப்பு மாற்றம். எங்கள் வெயிலில் ஒரு நாள் சுற்றியவர் குளிக்காமல் மேசையில் உட்கார மாட்டார். அதற்கு முக்கால் மணித்தியாலம். ஆகவே வாசலுக்கு 5.30-க்கு வந்தாலும் மேசைக்கு 6.15 தாண்டிவிடும். 5.45 பந்தி போய்விட்டது.

கொழும்பையே எடுத்துக்கொண்டால், நகருக்குள் மட்டும் சுற்றுவதானால் எந்தப் பந்தியும் சரிவரும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் செட்டியார் தெரு நகைக்கடைகள், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கங்காராமை விகாரை, காலி முகத்திடலில் ஒரு இறால் வடை. மூன்றரைக்குக் கப்பலில் நிற்கலாம். நீர்கொழும்பும் அப்படித்தான், 2013-இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையால் பயணம் சுருங்கிவிட்டது.

காலிக்குப் போகிறவர்கள் தெற்கு அதிவேகப் பாதையை நம்பிக் கணக்குப் போடுவார்கள். பாதை நல்ல பாதைதான், ஏறினால் பறக்கலாம். ஆனால் துறைமுகத்திலிருந்து கொட்டாவை வரை போய் அதில் ஏறுவதும், மாலையில் இறங்கி நகருக்குள் திரும்புவதும்தான் கதை. கண்டி சுமார் 115 கிலோமீட்டர், போக மூன்று மணித்தியாலத்துக்குமேல், வரவும் அவ்வளவு. கண்டிக்குப் போகும் நாளில் முதல் பந்தியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பின்னவலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், கண்டி வீதியில் இரண்டரை மணித்தியாலம். யானைகளை மகா ஓயாவுக்குக் குளிக்க இறக்குவது காலை 10 மணியளவில் ஒருமுறை, பிற்பகல் 2 மணியளவில் ஒருமுறை. நான் என்ன செய்தேன்? வழியில் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் நிறுத்தினேன், சித்தப்பா ஏதோ மூட்டு வலி எண்ணெய்க்குப் பேரம் பேசினார், பிறகு மத்தியானச் சாப்பாடு, பிறகு 2 மணிக் குளிப்பு. மூன்றேகாலுக்கு வெளிக்கிட்டோம். அந்த நேரத்தில் கடவத்தையிலிருந்து பேலியகொடை வரை வாகனம் எப்படி நகரும் என்று கொழும்புக்காரன் எனக்குத் தெரியாதா? தெரியும். சொந்தக்காரர் வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

செய்திருக்க வேண்டியது இதுதான்: எட்டுக்கு வாசலில் ஏற்றி நேரே போயிருந்தால் பத்தரை, பத்தேமுக்காலுக்கு ஆற்றங்கரை. காலைக் குளிப்பு மத்தியானம் வரை நடக்கும், வடிவாகப் பார்க்கலாம். பன்னிரண்டரைக்குத் திரும்பினால் மூன்றரைக்குள் கொழும்பு. தோட்டத்தையும் எண்ணெயையும் திரும்பும்போது நேரம் மிஞ்சினால் பார்த்திருக்கலாம்.

படி 4: இப்போது பந்தியைத் தெரிவு செய்யுங்கள்

உங்கள் தாளில் துறைமுக நாட்கள் பாதிக்குமேல் இருந்து, அதில் இரண்டு மூன்று நாள் மாலை ஆறைத் தாண்டினால் இரண்டாம் பந்தி எடுங்கள். என் சொந்த அபிப்பிராயம், ஆசியத் துறைமுகங்கள் நிறைந்த பயணத்துக்கு இரண்டாம் பந்திதான் பொருத்தம். இருட்டும் வரை சந்தை, இரவு எட்டுக்குச் சாப்பிட்டே பழகிய வயிறு, ஐந்தரைக்குச் சோறு என்றால் எங்கள் ஆட்களுக்கு அது தேத்தண்ணி நேரம்.

ஆனால் சின்னப் பிள்ளைகள், நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்கள் இருந்தால் எட்டேகால் வரை வைத்திருக்க ஏலாது. அவர்களுக்கு விரும்பிய நேரச் சாப்பாடு நல்லது. பதிவு செய்யும்போது அது முடிந்துவிட்டது என்றால் இரண்டாம் பந்தியை எடுத்து, கப்பலுக்குத் திரும்பியதும் பஃபேயில் ஏதாவது சின்னதாகக் கொடுத்துச் சமாளியுங்கள். சித்தப்பாவுக்கு நீரிழிவு, அன்று வேனில் என் மகளுடைய மாரி பிஸ்கட் பைதான் அவரைக் காப்பாற்றியது. பயண முகவர் தானாக ஒரு பெட்டியில் புள்ளடி போட்டு அனுப்புவார், சின்னம்மாவுக்கு நடந்தது அதுதான். உறுதிப்படுத்தும் கடிதத்தில் சாப்பாட்டு நேரம் என்ற வரியைத் தேடி வாசியுங்கள்.

படி 5: மணிக்கூட்டைச் சரிபாருங்கள்

சாப்பாடு, ஏறும் நேரம் எல்லாம் கப்பல் நேரத்தில்தான் சொல்வார்கள். பெரும்பாலும் கப்பல் அந்தந்த ஊர் நேரத்துக்கு மாறும், சிலவேளை மாறாது. கைபேசியோ கரையைக் கண்டதும் தானாக மாறிவிடும். மாலைதீவிலிருந்து கொழும்புக்கு வருகிற கப்பலென்றால் வித்தியாசம் அரை மணித்தியாலம், புக்கெட்டிலிருந்து வந்தால் ஒன்றரை, சிங்கப்பூரிலிருந்து வந்தால் இரண்டரை. இரண்டரை மணித்தியாலப் பிழை உடனே கண்ணில் படும். அரை மணித்தியாலம் படாது, அதுதான் ஆபத்து. எங்களுக்கு இது புதிதல்ல, 1996-இல் இலங்கையின் நேரத்தை மாற்றி, 2006-இல் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவரும் வரை "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுக் கேட்டே கல்யாண வீட்டுக்குப் போன சனம்தானே. கப்பலிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். கைமணிக்கூடு ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் விடுவது நல்லது.

படி 6: ஏறிய முதல் நாளே பேசி மாற்றுங்கள்

பந்தி பிழையாகிவிட்டதென்றால் ஏறிய அன்று பிற்பகல், அறைக்குப் போய்ப் படுக்க முன்பே, சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளரைப் பாருங்கள். பலர் அதே வேலையாக வருவார்கள், முந்தினவருக்குத்தான் இடம். முழுப் பயணத்துக்கும் மாற்ற முடியாது என்று சொன்னால், தாளைக் காட்டி அந்த இரண்டு நாளைக்கு மட்டும் மற்றப் பந்தியில் இடம் தர முடியுமா என்று கேளுங்கள். நான் புக்கெட் நாளுக்கு அப்படிக் கேட்டேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். புக்கெட்டில் பெரிய கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சின்னப் படகில்தான் கரைக்குப் போய்வர வேண்டும். திரும்பும்போது பத்தோங் கடற்கரையில் படகுக்கு நின்ற வரிசை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஈரக் காற்சட்டையோடு முக்கால் மணித்தியாலம். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை, கப்பல் கரையிலேயே கட்டும், ஜோர்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். ஆகவே உங்கள் தாளில் படகுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, மாலைக் கணக்கில் ஒரு மணித்தியாலம் கூட்டிப் போடுங்கள்.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள், வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி என்பவர்கள் பயணத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள். பந்தியில் இருந்தால் அடுத்த நாள் பட்டியலை முதல்நாள் இரவே காட்டி என்ன வேண்டும் என்று கேட்பார்கள், இது பந்தி முறையில் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் அடுத்த நாள் நீங்கள் மேசைக்கு வரப்போவதில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள், உங்களுக்கென்று தனியாக ஒருவர் சமைத்து வைத்துக்கொண்டு நிற்பார்.

படி 7: யாருடைய வாகனத்தில் போகிறீர்கள்?

கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவில் போய் பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். என்னைப் போன்ற சொந்தக்காரன் வேனிலோ, நீங்களே பிடித்த ஓட்டோவிலோ போய்ப் பிந்தினால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். சொந்த ஏற்பாட்டில் போகும் நாளில் இன்னும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கத்தான் வேண்டும். சிறப்பு உணவகத்தில் காசு கட்டி மேசை பிடிப்பதையும் அந்த நாளில் தவிருங்கள், போகாவிட்டால் பல கப்பல்களில் காசு வெட்டுவார்கள். கடல் நாளில் பிடியுங்கள்.

பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல் பையில் இருக்கட்டும். கப்பல் பஃபேயிலிருந்து பழம், சாண்ட்விச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டாம், பல நாடுகளில் வாசலிலேயே வாங்கிக் குப்பையில் போடுவார்கள். பினாங்கில் எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி, பறிகொடுக்க மனமில்லாமல் அந்த இடத்திலேயே நின்று இரண்டு அப்பிளையும் கடித்து முடித்தார், வரிசை முழுக்கப் பொறுமையாகக் காத்து நின்றது.