கடும் நோயில் இருப்பவரிடம் பேசுவது எப்படி?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் கேன்சர் என்ற சொல்லை நோயாளியின் காதுபடச் சொல்வதில்லை. 'கட்டி' என்போம், 'அந்த வியாதி' என்போம், அதையும் குரலைத் தாழ்த்தியே சொல்வோம். என் பெரியம்மாவுக்கு மார்பில் வந்தபோது நாங்களும் கொழுப்புக்கட்டி என்றுதான் சொல்லிவைத்தோம். புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு நான்காவது முறை போய்த் திருப்பாதிரிப்புலியூர் திரும்பும்போது, பேருந்து தவளக்குப்பம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "புற்றுநோய்னு போர்டு போட்டிருக்கு, அதுக்குக் கீழேதானே உக்காந்திருந்தேன், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?" முதல் நாளே தெரிந்துகொண்டவர், நாங்கள் கலங்கிவிடுவோம் என்று எங்களிடம் மறைத்திருக்கிறார்.

ஆகவே, எதைச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன், அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று தொடங்கினால் போதும். பிறகு, "ரிப்போர்ட் விவரமெல்லாம் நீங்களே கேட்டுக்கிறீங்களா, நாங்க பாத்துக்கட்டுமா?" என்று கேட்கலாம். 'நீங்களே பாத்துக்கோங்க' என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஒரு பதில்தான், ஆனால் சில வாரங்களில் மனம் மாறக்கூடும் என்பதால் மீண்டும் ஒருமுறை கேட்பது நல்லது. இதற்கு நேரம் குறித்து எதிரில் உட்கார வேண்டியதில்லை. சேர்ந்து கீரை ஆயும்போது வரும் பேச்சு, விசாரிக்க வந்தவர்கள் நடுவே ஒருநாளும் வராது.

வலியைப் பற்றிப் பேசுவதில்தான் அதிகம் தவறுகிறோம். 'பரவாயில்லையா?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்றே பதில் வரும். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, இரவில் தூக்கம் கலைகிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் சூலை நோயோடு வந்து நின்ற அப்பர்கூட, வயிற்றுக்குள் குடலை முடக்குகிறது என்று இடத்தையும் விதத்தையும் சொல்லித்தான் முறையிட்டார். மருத்துவமனையில் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பெரியம்மாவுக்கு அது பிடிபடவில்லை. 'ரூபாய்க்கு எத்தனை அணா?' என்றதும் 'பன்னிரண்டணா' என்று பட்டென்று சொன்னார். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கை நாள்தோறும் குறித்துக்கொண்டு போனால் மருத்துவரிடம் பேச எளிது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் 'கடைசிக் கட்டமா?' என்று பதற வேண்டாம். அது வலியின் கடுமைக்குத் தரும் மருந்து. ஆயுளின் அளவைச் சொல்வதன்று. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் மருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க வருபவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவதோடு, இதே நோயில் போன யாரையாவது நினைவிலும் கொண்டுவருவார்கள். அந்தக் கதையை வாசலிலேயே தடுக்க வீட்டில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 'செய்த பாவம்', 'கண்ணு பட்டிருக்கும்' ஆகியவையும் உள்ளே வர வேண்டாம். 'போராடி ஜெயிச்சிடுவீங்க' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நோய் முற்றினால் சரியாகப் போராடவில்லை என்ற பழி நோயாளியின் தலையில் விழும். 'நாளைக்கு மருந்து வாங்க நான் போறேன்' என்பது அதைவிடப் பயனுள்ள பேச்சு.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முள்ளோடை எல்லைக்கு அந்தப்புறம் புதுச்சேரி அரசின் ஏற்பாடுகள் வேறு.

இறுதிக்கால விருப்பத்தையும், அவர் பேசத் தெம்போடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. செயற்கை சுவாசம் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் எளிதாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடலாம். 'கடைசியில வீட்டுல இருக்கணும்னு ஆசையா?' என்ற கேள்வியிலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

நோயைத் தவிர மற்றதையும் அவரிடம் பேசுங்கள், வேலையையும் பிடுங்காதீர்கள். ஓய்வு என்ற பெயரில் பெரியம்மாவின் பால் கணக்கு நோட்டை நாங்கள் எடுத்துவைத்தோம். இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. திருப்பிக் கொடுத்த அன்றே, வராத இரண்டு நாளுக்கும் பால்காரர் கணக்கு எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.