மலைப் பக்கம் குடியேறப் போகிறீர்களா? ஊரைச் செவ்வாய்க்கிழமையில் போய்ப் பாருங்கள்

வேளச்சேரியை விட்டுக் கிளம்புவது என்று முடிவானபோது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மலை இருந்தது. வீட்டுக்காரருக்குக் கோத்தகிரி. மாமியாருக்கு அவர் பிறந்து வளர்ந்த தேனிப் பக்கம். பிள்ளைகள் இருவருக்கும் குற்றாலம், அருவிக்காக. எனக்கு எந்த மலையானாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட் வாங்கப் போகாமல் இருந்தால் போதும்.

கடைசியில் தென்காசியில் வந்து இறங்கினோம். அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் அலைந்தோம். அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. "நாங்களும் வரலாம்னு இருக்கோம், எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று இப்போது சிநேகிதிகள் கேட்கும்போது நான் சொல்லும் வரிசை இது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தனி ஆள் என்றால் இதில் பாதியை நீங்கள் தாண்டிப் போகலாம்.

படி 1: மலைமேலா, அடிவாரமா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரண்டு வேறு வாழ்க்கை.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு, ஆறரை டிகிரி குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800, ஏற்காடு 1,500. அங்கே உண்மையிலேயே குளிர். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், தேனியும் அதே அளவு, தென்காசி சுமார் 150. அதாவது தென்காசியின் உயரத்தால் உங்களுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு டிகிரிதான்! மலை ஜன்னலில் தெரிகிறது என்பதற்காக ஊர் குளுகுளு என்று இருக்கும் என நினைத்து வருகிறவர்கள் சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எங்களைத் திட்டுவார்கள்.

அப்படியென்றால் தென்காசி குளிர்ச்சியான ஊர் என்ற பேச்சு எப்படி வந்தது? காரணம் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடரில் இருக்கும் இடைவெளி. ஆனி, ஆடியில் கேரளத்தில் பெய்யும் மழையின் ஈரக்காற்று அந்த வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. சென்னை கொதிக்கும் அதே நாட்களில் இங்கே சாரல். ஆகவே மீட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்றும் பாருங்கள். நீலகிரியிலேயே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

என் கட்சி அடிவாரம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் மூட்டுவலிக்காரர்களும் இருக்கும் வீட்டுக்கு அடிவார ஊரே சரி. மலைமேல் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டு இறங்கிவிடலாம். என் வீட்டுக்காரர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

படி 2: ஆளுக்கொரு காகிதம்

வீட்டில் ஒவ்வொருவரும், "இது இல்லாவிட்டால் என்னால் முடியாது" என்று மூன்றே மூன்று எழுத வேண்டும். பிள்ளைகளும்தான். எங்கள் மாமியார் எழுதியது: நடந்து போகிற தூரத்தில் கோயில், படி ஏறாத வீடு, பக்கத்தில் பேச ஒரு ஆள். மலை என்ற சொல்லே அதில் இல்லை. தேனிக்குக் கொடி பிடித்தவர் அவர்தான்!

படி 3: மோசமான மாதத்தில், வேலைநாளில் போங்கள்

முதல் தடவை கோத்தகிரிக்குப் போனது மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே அழகாக இருந்தது. ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கைகூட நீண்டுவிட்டது. நல்லவேளையாக அன்று வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லை.

அடுத்து போனது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னவன் மேட்டுப்பாளையம் தாண்டியதுமே இரண்டு முறை வாந்தி. மேலே பனிமூட்டம், மின்சாரம் காலையில் போனது மாலைவரை வரவில்லை. அந்த வீட்டுக்கு வண்டி நிற்கும் இடத்தில் இருந்து 42 படி. மே மாதத்தில் அதே படிகளில் நின்று போட்டோ எடுத்திருக்கிறோம், எண்ணத்தான் தோன்றவில்லை. மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டு, "சிலிண்டர் எப்படிப்பா வரும்?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டுக்காரரிடம் பதில் இல்லை. மலைமேல் வீடு பார்க்கிறவர்கள் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர், ஃப்ரிட்ஜ், உடம்புக்கு முடியாதவர், இந்த மூன்றும் வாசல்வரை எப்படி வரும்?

மழைக்காலத்தில் மலைப்பாதையின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் துண்டாகின. அவ்வளவு பெரிதாக எல்லா வருடமும் நடப்பதில்லை. ஆனால் மரம் விழுந்து, பாறை உருண்டு, பாதை சில மணி நேரம் அடைபடுவது மலைவாசிகளுக்கு சகஜம். இன்னொன்று, 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. உங்களைப் பார்க்க வரும் சித்தப்பாவின் காருக்குக் கிடையாது.

தென்காசியையும் இரண்டு முறை பார்த்தோம். ஆகஸ்டில் வந்தபோது சாரல், ஐந்தருவியில் கூட்டம், குற்றாலம் ரோட்டில் கார்கள் நகரவில்லை. சீசனில் உள்ளூர்க்காரர்கள் அந்த ரோட்டுக்கே போவதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏப்ரலில் வந்தால் மெயின் அருவி வெறும் பாறை, ஓரமாக நூல் மாதிரி ஒரு ஒழுகல். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தோடும் ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டோம். "பார்டர் புரோட்டா உண்டுல்ல?" என்றான் பெரியவன். பிரானூர் பார்டர் செங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சரி, அது ஒரு ஓட்டு.

அருவி ஊரில் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து தண்ணீர் இறங்கும். பக்கத்திலேயே இருப்பதால் வரும் அலட்சியம்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் பெரியவர் துணை இல்லாமல் அருவிப் பக்கம் போகக் கூடாது.

படி 4: ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் வண்டி ஓட்டிப் பாருங்கள்

வரைபடத்தில் தூரம் பார்த்தால் போதாது. பார்க்கும் வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிவரை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போனதும் இரண்டு கேள்வி: இந்த நேரத்தில் டியூட்டி டாக்டர் இருக்கிறாரா, குழந்தை மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார்? சிறிய ஊர்களில் பெரிய பெயர்ப்பலகை தொங்கும், உள்ளே சிறப்பு மருத்துவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போவார்.

தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் திருநெல்வேலி, ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், சமவெளிச் சாலை. கோத்தகிரியில் இருந்து கோவை போனால் முதல் பாதி முழுக்க வளைவு. தேனிக்கு இந்த விஷயத்தில் நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுவேன், அங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குக் கோவை 35 கிலோமீட்டர்தான். வீட்டில் இதய நோயாளியோ அடிக்கடி வீசிங் வரும் குழந்தையோ இருந்தால் இந்தப் படியில் தோற்கும் ஊரை அப்போதே அடித்துவிடுங்கள்.

படி 5: பள்ளிக்கூடத்தை வாசலில் நின்று பாருங்கள்

ஆபீஸ் ரூமில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். மாலை நான்கு மணிக்கு வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், வேனில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், அழைத்துப்போக வரும் அம்மாக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் ஒரு அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: "கணக்கு டீச்சர் எத்தனை வருஷமா இருக்காங்க?" அவர் சிரித்துவிட்டு, "இந்த வருஷமே மூணாவது ஆளு" என்றார். அந்தப் பள்ளியில் சேர்க்கவில்லை.

பெரிய பிள்ளை ஒன்பது முடிக்கும் தறுவாயில் இருந்தால் பத்தாம் வகுப்பு முடியும்வரை பொறுங்கள். பதினொன்றில் மாறுவது எளிது. சிபிஎஸ்இ படிக்கிறவர்கள், பிளஸ் டூ வரை அதே ஊரில் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பல ஊர்களில் பத்தோடு நின்றுவிடும்.

படி 6: வீடு பார்க்கப் போனால் பீரோவை நகர்த்துங்கள்

சாரல் ஊரில் வீட்டின் உண்மை சுவரில் இருக்கும். எங்களுக்குக் காட்டிய முதல் வீடு புதிதாகச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. புரோக்கர் அண்ணாச்சி பால்கனிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மதில் பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னார்: "மலையப் பொறவு பாக்கலாம், அந்தப் பீரோவுக்குப் பின்னால பாருங்க. ஆனி ஆடி ரெண்டு மாசம் துணி காயாது, பாத்துக்கிடுங்க."

பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பீரோ. நகர்த்தினோம். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. உள்ளே ஒரு பழைய தோல் பெல்ட், அதன் மேல் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூஞ்சை. வீசிங் இருக்கும் என் சின்னவனை அந்த அறையில் படுக்க வைப்பதை நினைத்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே: மேற்கு பார்த்த சுவரில் சாரல் அடிக்குமா என்று கேளுங்கள். துணி காயப்போட மழை படாத இடம் இருக்கிறதா பாருங்கள். மலையைப் பார்த்த பால்கனியை விட எனக்கு இது முக்கியம். கோடையில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பதை வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள்.

படி 7: ரயில், நெட்

சீக்கிரம் முடித்துவிடலாம். சென்னைக்கு இரவில் ஏறிக் காலையில் இறங்கும் ரயில் உண்டா? தென்காசிக்கும் ராஜபாளையத்துக்கும் பொதிகை, மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் அகலப்பாதை ரயில் வந்தது, ஆனால் போடியில் இருந்து சென்னைக்கு தினசரி வண்டி உண்டா என்று அன்றைய அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்கள் வாடகை பேசும் முன் அந்த வீட்டு அறைக்குள் நின்று, இரவு எட்டு மணிக்கு, ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். மொட்டைமாடியில் கிடைக்கும் சிக்னலை நம்பாதீர்கள்.

படி 8: ஒரு வருடம் வாடகை, அப்புறம்தான் நிலம்

ஒரு ஆனியும் ஒரு சித்திரையும் அந்த ஊரில் கழியாமல் மனை வாங்காதீர்கள். மலை தெரியும் மனைக்கு விலை கூடுதல். மலையில் இருந்து இறங்கும் ஓடை எந்த வழியாகப் போகும் என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

வாங்கும் கட்டத்தில் வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், மனை அங்கீகாரம் என்று எல்லா ஊருக்கும் உள்ள வேலைகள் உண்டு. மலைப்பக்கத்துக்கு மேலும் மூன்று. ஒன்று, அந்தக் கிராமம் ஹாகா என்று சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா? வந்தால் வீடு கட்ட அனுமதி வாங்குவதே தனிக் கதை. அடிவாரக் கிராமங்களும் அந்தப் பட்டியலில் உண்டு, மலைமேல்தானே என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு, கூடலூர்ப் பக்கம் விலை மலிவு என்று யாராவது சொன்னால், 1969 ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் நிலமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அந்த நிலங்களின் உரிமைச் சிக்கல் பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. மூன்று, பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள். யானை, பன்றி, கரடி எது வரும், எந்த மாதம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும். வடகரைப் பக்கம் ஒரு தோப்புக்காரர் என்னிடம், "வருமான்னு கேக்காதீங்கம்மா, எத்தனை மணிக்கு வரும்னு கேளுங்க" என்றார். அந்த மனை பேச்சு அதோடு முடிந்தது.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

படி 9: சாமான் ஏற்றும் முன்

மே மாதக் கடைசியில் வந்து இறங்குவதுதான் பிள்ளைகளின் படிப்புக்கு வசதி. பழைய பள்ளியில் டி.சி.யை ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள், கோடை விடுமுறையில் ஆபீஸ் பாதி நாள் பூட்டியிருக்கும். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு முகவரி மாற்றம் எல்லாம் வந்த பிறகு செய்துகொள்ளலாம். தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் இரண்டு நைலான் கொடியும், ஆளுக்கு இரண்டு ஜோடி செருப்பும் மறக்காமல் கொண்டு வாருங்கள். யூனிஃபார்ம் மட்டும் பிள்ளைக்கு ஐந்து செட் தைத்துவிடுங்கள். ஜூலையில் மூன்று செட் எப்போதும் கொடியில்தான் தொங்கும்.